ராத்திரி வண்டி

சாம்பியன் ரீஃப்

மச்சினன் வீட்டில் நிலைக்கதவை ஒட்டி இரண்டு ஆணிகள். ஒன்றில் டிவிஎஸ் எக்ஸெல் சாவி தொங்குகிறது, சிவப்புக் கயிறு கட்டியது. இன்னொன்றில் ஸ்ப்ளெண்டர் சாவி. அதற்கு வளையமாக இருப்பது என் மாமனாரின் பித்தளை டோக்கன். சுரங்கத்தில் இறங்கும்போது கொடுத்துவிட்டு, ஏறி வந்ததும் திருப்பி வாங்கிக்கொண்ட வில்லை. எண் தேய்ந்துபோய்க் கடைசி இரண்டு இலக்கம்தான் விரலுக்குத் தட்டுப்படுகிறது.

எக்ஸெல் வாசலில் நின்றது. ஸ்ப்ளெண்டரைக் காணவில்லை. சர்வீசுக்கு விட்டிருக்கிறாயா என்று கேட்டேன்.

“அது இங்க இல்ல மாமா. ஒயிட்ஃபீல்டுல இருக்குது. வாங்கி ஏழு வருசம் ஆச்சு, இந்த ஊரை ஒரு தடவகூடப் பாத்ததில்ல” என்றான்.

மறுநாள் லீவுதானே, நீயும் வா என்று யாரும் கூப்பிடவில்லை. நானாகத்தான் கிளம்பினேன், அந்த வண்டியைப் பார்க்க.

சாம்பியன் ரீஃப் இருக்கும் கோலார் தங்கவயல், அதாவது கேஜிஎஃப், என்றால் இப்போது ஆட்கள் சினிமாவைச் சொல்கிறார்கள். 2018-இல் வந்த கன்னடப் படம் அப்படி. என் மனைவிக்கு அது சயனைடு மேட்டில் சறுக்கி விளையாடிய ஊர். தங்கம் பிரித்த பிறகு கொட்டிய மண், குன்று குன்றாக இன்னும் நிற்கிறது. காற்றடித்தால் வெளுத்த தூசி லைன் வீடுகளின் தகரக் கூரை மேல் படிகிறது. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்த பிறகு வட ஆற்காட்டிலிருந்து கூட்டம் கூட்டமாக இங்கே வந்தவர்களில் என் மாமனாரின் தாத்தாவும் ஒருவர். 1902-இலேயே சிவனசமுத்திரத்திலிருந்து கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்த ஊர். 800 டன்னுக்கு மேல் தங்கம் எடுத்துக் கொடுத்துவிட்டு, 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி மூடிக்கொண்டது. மச்சினன் அப்போதுதான் ஐடிஐ முடித்திருந்தான். எலக்ட்ரீசியன்.

காலை நாலு மணிக்கு மாமியார் எழுந்து அடுப்பு பற்றவைக்கும் சத்தம். மருமகள் இருக்கிறாள், இருந்தும் இவர்தான் எழுவார். மாமனாருக்கு ஷிப்டுக்குக் கட்டிக் கொடுத்துப் பழகிய கை. “அவருக்கு களியும் கருவாட்டுக் குழம்பும் இருந்தா போதும். இவனுக்கு எலுமிச்ச சோறு. பெரிய பெரிய ஆளுங்க இருக்கிற எடத்துல களி பிசைய கூச்சமா இருக்குதாம்” என்று மகனைப் பார்த்துக்கொண்டே என்னிடம் சொன்னார். மச்சினன் காதில் வாங்காததுபோல ஷூ மாட்டினான்.

எக்ஸெலில் சாம்பியன் ஸ்டேஷனுக்கு ஐந்து நிமிடம். அங்கே ஒரு புங்க மரம். அதன் மேல் சாய்த்துவிட்டு, பூட்டாமல், சாவியை மட்டும் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு நடந்தான். பூட்டவில்லையா என்றேன். “இத யாரு மாமா எடுப்பான்? எடுத்தாலும் எங்க அம்மாகிட்டதான் கொண்டாந்து விடுவான்.”

பங்காருப்பேட்டை

மாரிகுப்பத்தில் கிளம்பும் வண்டி சாம்பியனுக்கு வரும்போதே சன்னலோரம் எல்லாம் கைக்குட்டை விரித்திருந்தது. உரிகம், கோரமண்டல், பெமல் நகர் என்று நிறுத்தி நிறுத்தி ஆட்களை அள்ளுகிறது. 16 கிலோமீட்டர்தான் இந்தக் கிளைப்பாதை. 1894-இல் சுரங்கத்துக்காகப் போட்டது. அன்றைக்கு இயந்திரமும் கூலியும் உள்ளே போன தடத்தில் இன்றைக்கு ஊரே வெளியே போகிறது: செக்யூரிட்டி, நர்ஸ், ஏசி மெக்கானிக், பில் போடும் பெண்கள், கட்டட வேலைக்காரர்கள், கழுத்தில் அடையாள அட்டை போட்ட இளவட்டங்கள். பேசுவது தமிழ், திட்டுவது தெலுங்கு கலந்து, போனில் மேஸ்திரிக்குப் பதில் சொல்வது கன்னடம்.

உட்கார்ந்தவர்களில் பாதிப் பேர் கோரமண்டலைத் தாண்டுமுன் தூங்கிவிட்டார்கள். தூங்காதவர்களிடம் மச்சினன் என்னை அறிமுகப்படுத்தினான், “எங்க மாமா, மெட்ராசு. நம்ம வண்டியப் பாக்க வராரு” என்று. யாருக்கும் அதில் சிரிப்பு வரவில்லை. எதிரே இருந்த பெரியவர், “என்னது கே.ஆர்.புரத்துல நிக்குது. போன வாரம் செயின் மாத்தினேன்” என்றார், தோட்டத்தில் கட்டியிருக்கும் மாட்டைப் பற்றிச் சொல்வதுபோல. பக்கத்திலிருந்தவரின் வண்டி கன்டோன்மென்டில். வேறொருவருக்கு பைக் இல்லை, சைக்கிள். ஆனால் அதுவும் பெங்களூரில்தான். அந்த ஒரு பெட்டியிலேயே பதினோரு பேருக்கு வேலை செய்யும் இடத்துப் பக்கம் ஒரு வண்டி நின்றுகொண்டிருந்தது.

பங்காருப்பேட்டை வந்ததும் பெட்டி நிரம்பிக் கதவுப் படிவரை ஆட்கள். எனக்கு என் அப்பா ஞாபகம் வந்துவிட்டது.

அப்பா அரக்கோணத்திலிருந்து பெரம்பூர் ரயில்வே பட்டறைக்குச் சீசன் டிக்கெட்டில் போய்வந்தவர். வீட்டில் ஒரு சைக்கிள். பெரம்பூரில் ஒரு சைக்கிள் இருந்ததென்பது எங்கள் யாருக்கும் தெரியாது, அம்மாவைத் தவிர. அம்பத்தூருக்குக் குடிவந்த வாரத்தில் அதை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். வேறு யாருடையதோ மாதிரி இருந்தது: ஒல்லியான சீட்டு, பச்சை பெயின்ட், மணி இல்லை. ஒரே ஆளுக்கு எதற்கு இரண்டு சைக்கிள் என்று அக்கா கேட்டாள். அப்பாவுக்கும் பதில் தெரியவில்லை. ஒரு மாதம் இரண்டும் சுவரோரம் சாய்ந்து கிடந்தன. பிறகு பச்சை சைக்கிள் எனக்கு வந்தது. அதில்தான் குரங்குப் பெடல் போட்டுப் பழகினேன். அப்பா எட்டு வருடம் ஒவ்வொரு நாளும் நாங்கள் பார்க்காத தெருக்களில் அதை மிதித்திருக்கிறார்.

மாலூர்

டேகல் தாண்டினால் யானைகள் படுத்ததுபோலப் பாறைக் குன்றுகள். அடிவாரத்தில் ராகி, தக்காளி, தைல மரம். அப்புறம் செங்கல் சூளைப் புகைபோக்கிகள் தெரிந்தால் மாலூர். ஓட்டுக்கும் செங்கல்லுக்கும் பேர்போன ஊர்.

இங்கே வேலை பார்க்கும் நான்கு பெண்களிடம் கார் இருக்கிறது. ஆளுக்கு ஒன்று இல்லை, நாலு பேருக்குமாக ஒரு பழைய மாருதி ஆம்னி.

தொழிற்பேட்டையில் கேன்டீன் வேலை. கம்பெனி பஸ்ஸில் நிரந்தர ஆட்களை மட்டும்தான் ஏற்றுவார்களாம், இவர்கள் கான்ட்ராக்ட். ஷேர் ஆட்டோவுக்குக் கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போய், சீட்டு எடுத்த பணத்தில் ஆம்னி வாங்கியிருக்கிறார்கள். ஓட்டுவது அவர்களில் மூத்தவர். லைசென்ஸ் வாங்கியபோது அவருக்கு நாற்பத்திரண்டு வயது. “கேஜிஎஃப்ல நான் ஓட்டுனதே இல்லீங்கண்ணா. எங்க ஏரியாவுல யாருக்கும் எனக்கு ஓட்டத் தெரியும்னே தெரியாது. மாலூர்ல மட்டும்தான் டிரைவர்” என்றார். வீட்டுக்காரருக்குத் தெரியுமா? “தெரியும். நம்பல.”

வண்டி நிற்பது ஓட்டுக் கம்பெனி ஒன்றின் காலி இடத்தில். காவல்காரருக்கு மாதம் கொஞ்சம் காசு, கேன்டீனில் மிஞ்சினால் ஒரு பொட்டலம் சாம்பார் சாதம். பெட்ரோல் வாரத்துக்கு ஒருவர். டயர், இன்சூரன்ஸ் எல்லாம் நாலில் ஒரு பங்கு. இவ்வளவு ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்ததில் போன வருடம் ஒரு சிக்கல். நால்வரில் ஒருத்தி மாலூரிலேயே வாடகைக்கு வந்துவிட்டாள். அவள் பங்கைத் திருப்பிக் கேட்டாள். வாங்கின விலையில் நாலில் ஒன்றா, இன்றைய விலையில் நாலில் ஒன்றா?

“கார் விலை எறங்கிடுச்சு, அதுனால உன் பங்கும் எறங்கிடுச்சுன்னேன். நான் ஏறினப்ப எறங்கலயேன்னா. ரெண்டு மாசம் பேசல” என்றார் ஓட்டுநர். எப்படித் தீர்ந்தது? தீரவில்லை. அவள் பங்கு இன்னும் வண்டியில்தான் இருக்கிறது. ஊர்க்காரி ஆகிவிட்டதால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் பிள்ளைகள் அதில் உட்கார்ந்து விளையாடுகிறார்களாம், காவல்காரர் சொன்னது.

வண்டி நின்றது. நால்வரில் மூவர் இறங்கினார்கள். நாலாவது ஆள் பிளாட்பாரத்தில் சாவியோடு நின்றிருந்தாள்.

ஒயிட்ஃபீல்டு

1882-இல் ஆங்கிலோ இந்தியர்கள் தோட்டம் துரவோடு வாழ்வதற்கென்று குடியேறிய இடம் ஒயிட்ஃபீல்டு. இன்று ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் ஆட்டோக்காரர்களின் கூச்சல், தலைக்கு மேல் மெட்ரோ. 2023-இல் மெட்ரோ வந்ததும் மச்சினனைப் போன்றவர்களுக்கு விடிந்துவிட்டது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவன் வேலை வர்த்தூர் பக்கம். மெட்ரோ அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

முதலில் ஒரு தர்சினி ஓட்டலில் நின்றுகொண்டே காரா பாத், பை டூ காபி. ஒரு காபியை இரண்டு தம்ளரில் ஊற்றிக் கொடுப்பதைச் சென்னையில் கேட்டால் சர்வர் மேலும் கீழும் பார்ப்பார். இங்கே இரண்டு ஐடி மேனேஜர்கள்கூடக் கூச்சமில்லாமல் பை டூ சொல்கிறார்கள்.

பிறகு ஸ்டாண்டு. ஒரு பழைய மனையில் கம்பி வேலி, பாதிக்குத் தகரக் கூரை, முந்நூறு வண்டி இருக்கலாம். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஸ்டாண்டு அக்கா. சொந்த ஊர் கிருஷ்ணகிரிப் பக்கம். மச்சினனைப் பார்த்ததும், “ஏ கோலாரு, உன் வண்டி பின்னாடி டயரு காத்து கம்மியா இருக்குது” என்றார். யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அவருடைய நோட்டில் ஆட்களின் பேரே ஊர்ப் பேர்தான்: கோலார் 1, கோலார் 2, குப்பம், பங்காருப்பேட்டை சிவப்பு, ஜோலார்பேட்டை சார். சீசன் டிக்கெட் 150 கிலோமீட்டர் வரைதான் தருவார்கள். பெங்களூரிலிருந்து 145-ஆவது கிலோமீட்டரில் ஜோலார்பேட்டை அந்த வரம்புக்குள் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதால் அங்கிருந்தும் ஆட்கள் வருகிறார்கள்.

ஸ்டாண்டின் சூட்சுமம் எனக்குப் புரியக் கால் மணி நேரம் ஆனது. காலை ரயிலில் வந்தவர்கள் ஒவ்வொருவராக வண்டியை எடுத்துக்கொண்டு போகிறார்கள். அந்த இடம் ஐந்து நிமிடம்கூடக் காலியாக இருப்பதில்லை. ஒயிட்ஃபீல்டுக்காரர்கள் வண்டியில் வந்து அதே இடத்தில் நிறுத்திவிட்டு, மெட்ரோவோ ரயிலோ பிடித்து பெங்களூருக்குள் போகிறார்கள். சாயங்காலம் அவர்கள் எடுத்துப் போனதும் கோலாரும் குப்பமும் வந்து நிறுத்துகின்றன. ஒயிட்ஃபீல்டுக்காரருடையது பகல் வண்டி, கோலாருடையது ராத்திரி வண்டி. ஒரே இடத்துக்கு இரண்டு வாடகை. பகலில் நிறுத்துகிறவரும் இரவில் நிறுத்துகிறவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே இல்லை. மச்சினனின் இடத்தில் பகலெல்லாம் யாரோ ஒருவருடைய வெள்ளை ஆக்டிவா நிற்கும். அது விட்டுப்போகும் எண்ணெய்க் கறையை மட்டும் அவனுக்குத் தெரியும்.

“ராத்திரி வண்டிக்குத்தான் கஷ்டம்” என்றார் அக்கா. “பகல் வண்டிய சாயங்காலம் ஆள் வந்து எடுத்துடுவான். ராத்திரி வண்டிய ஆள் பண்டிகைக்குப் போனா நாலு நாள் பாக்க மாட்டான். நான்தான் பாத்துக்கணும். குழந்தைய விட்டுட்டுப் போற மாதிரி விட்டுட்டுப் போறானுங்க.”

அந்த ஸ்ப்ளெண்டரைக் கடைசியில் பார்த்தேன். கறுப்பு, டேங்கில் ஒரு நசுங்கல், சீட்டின் மேல் உரச் சாக்கு. எண் கேஏ 53, கே.ஆர்.புரத்தில் பதிவானது. வீட்டு எக்ஸெல் கேஏ 08. தங்கவயல் எண் என்றால் இந்த ஊரில் என்ன ஆகிவிடும் என்று கேட்டேன். ஒன்றும் ஆகாது, இது சும்மா அப்படி அமைந்தது. ஆனால் தமிழ்நாட்டு எண் வண்டி வைத்திருந்த ஜோலார்பேட்டை சார் வாரம் ஒருமுறை நிறுத்தப்பட்டு, வரி கட்டியாச்சா என்று கேட்கப்பட்டு, கடைசியில் விற்றுவிட்டார் என்றான்.

வண்டியை எடுப்பது ஒரு சடங்கு. சாக்கை உதறி மடித்து சைடு பாக்ஸில் வைத்தான். சங்கிலியைக் கழற்றினான். குனிந்து, பிளக் மூடியை இஞ்சினில் அழுத்தி மாட்டினான்; முந்தின நாள் மாலை பிடுங்கிவைத்தது. பெட்ரோல் குழாயைத் திருப்பினான். டேங்கில் காதை வைத்து வண்டியை ஆட்டிப் பார்த்தான், நேற்று விட்ட அளவு இருக்கிறதா என்று. ராத்திரி வண்டியில் யாரும் அரை லிட்டருக்கு மேல் விட்டுவைப்பதில்லையாம். சோக்கை இழுத்து உதைத்தான். நாலாவது உதையில் கிளம்பியது. இதற்காகத்தான் உதைத்துக் கிளப்பும் பழைய மாடலைத் தேடி வாங்கினான்; நின்று நின்று பேட்டரி செத்தாலும் உதைத்துக்கொள்ளலாம்.

ஹெல்மெட் எங்கே? அது டீக்கடையில். வண்டியைவிட ஹெல்மெட்தான் சீக்கிரம் காணாமல் போகுமாம்.

இது அவனுடைய இரண்டாவது இரண்டாம் வண்டி. முதலாவதை ஸ்டாண்டுக் காசு மிச்சம் என்று தெருவோரம் விட்டு, மூன்றே மாதத்தில் பறிகொடுத்தான். புகார் கொடுக்கப் போன இடத்தில் எழுதிக்கொண்டவர் முகவரி கேட்டார். சாம்பியன் ரீஃப் என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “அங்க இருக்கிறவனுக்கு இங்க எதுக்குய்யா வண்டி?” என்றாராம். இவன் விளக்க விளக்க, அவருக்கு இவன்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

வர்த்தூர்

பின்னால் உட்கார்ந்து போனேன். சேற்றுக்கும் லாரிக்கும் நடுவே அவன் ஓட்டிய விதம் எனக்குப் புதிது. கேஜிஎஃப்பில் எக்ஸெலில் இருபதுக்கு மேல் போகாதவன், எதிரில் வருகிறவர்களுக்கெல்லாம் தலையசைப்பவன், இங்கே ஹாரனில் கைவைத்தால் எடுக்கவில்லை. நுரை பொங்கிப் பொங்கிச் செய்தியில் வந்த வர்த்தூர் ஏரியைத் தாண்டியதும் அடுக்குமாடிகள். அதில் ஒன்றில் அவன் பராமரிப்பு எலக்ட்ரீசியன்.

அடித்தளத்தைக் காட்டினான். இரண்டு அடுக்குப் பார்க்கிங். வீட்டுக்கு இரண்டு கார், சில வீட்டுக்கு மூன்று. பாதி வண்டிகள் உறை போட்டு மூடியிருந்தன. சிலவற்றின் மேல் விரலால் பேரெழுதலாம், அவ்வளவு தூசி. சொந்தக்காரர்கள் வெளிநாட்டில், அல்லது வீட்டிலிருந்தே வேலை. “பேட்டரி எறங்கிடுச்சுன்னா எனக்குத்தான் போன் வரும். வாரத்துக்கு ரெண்டு வண்டியாவது கேபிள் போட்டு உசுப்பணும். சிலத உசுப்பி, பத்து நிமிசம் ஓடவிட்டு, மறுபடி மூடிடுவேன்.” அதற்குத் தனியாக ஏதாவது தருவார்களா? தீபாவளிக்கு இனிப்பு தருவார்கள்.

என் காரும் அம்பத்தூர் பிளாட்டில் பெரும்பாலும் அப்படித்தான் நிற்கிறது, தூண் ஓரமாக. பக்கத்து வீட்டுக்காரரோடு அரை அடி கோட்டுக்காக இரண்டு வருடமாக முகம் கொடுத்துப் பேச்சில்லை. அதை மச்சினனிடம் சொல்லவில்லை.

பங்காருப்பேட்டை, மறுபடி

திரும்புகாலில் மச்சினன் வேண்டுமென்றே பங்காருப்பேட்டையில் இறக்கிவிட்டான். பானி பூரி சாப்பிடாமல் போனால் அவன் அக்கா, என் மனைவி, திட்டுவாளாம். இங்கே பானி தண்ணீர் போலவே இருக்கும், நிறமே கிடையாது. ஏமாந்து ஒரே மடக்கில் விழுங்கினேன். பச்சைமிளகாய் மூக்கு வழியாக வந்தது. அவன் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து கேட்டேன், இந்த அலைச்சலுக்கு ஒயிட்ஃபீல்டிலேயே இருந்துவிடக் கூடாதா என்று.

இருந்திருக்கிறான். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு வருடம், காடுகோடியில் ஒற்றை அறை. பத்து மாத வாடகை அட்வான்ஸ், வட்டிக்கு வாங்கிக் கொடுத்தது. “நாலு மணிக்கு எந்திரிக்க வேணாம், ஏழு வரைக்கும் தூங்கலாம்னு போனேன். தூக்கமே வரல மாமா. வண்டிய வாசல்ல நிறுத்தறதுக்கு ஓனரு தனியா முந்நூறு கேட்டாரு. வீட்டுக்கும் வாடக, வண்டிக்கும் வாடக. அப்பதான் யோசிச்சேன். ஒண்ணுக்கு மட்டும் இங்க வாடக கட்டுனா போதாதா?”

ஆகவே வண்டியைக் குடிவைத்துவிட்டு அவன் திரும்பிவிட்டான். எதைக் கூட்டிக் கழித்துப் பார்த்தான் என்று எனக்குத் தெரியாது. ஐந்து மணி நேரம் ரயிலிலும் ரோட்டிலும் போகிறது. மகள் விழித்திருக்கும்போது அவன் வீட்டிலிருப்பது இரவு உணவு நேரம் மட்டும். ஆனாலும் சாம்பியனில் இறங்கி, இருட்டில் புங்க மரத்தைத் தடவி, பூட்டாத எக்ஸெலை எடுக்கும்போது அவன் விசிலடிக்கிறான். காலையில் ஸ்ப்ளெண்டரை எடுக்கும்போது அடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சென்னை வண்டி பிடிக்க என்னைப் பங்காருப்பேட்டைவரை எக்ஸெலில் கொண்டுவந்து விட்டான். பிளாட்பாரத்தில் நிற்கும்போது மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. இரண்டு சொட்டு விழுந்தது. தன் மனைவி கட்டிக் கொடுத்த பொட்டலத்தை என் கையில் திணித்துவிட்டு, போனை எடுத்துக் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றான்.

“அக்கா, கோலாரு பேசறேன். அங்க மழையா? சீட்டு மேல சாக்கு இருக்குதா பாருக்கா. கடைசி வரிசை. ஆங், அதான். பிளக்கு பக்கமா ஒரு பிளாஸ்டிக் பையும் சுத்திடு.”